புதுப்பிப்பு: அப்பாவின் கடைசி அழைப்பு, அண்ணனின் கோபம்

மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன். அப்பா இறந்த இரவில் அவர் அழைத்தபோது நான் போனை எடுக்கவில்லை. "நீ எடுத்திருந்தா அவர் இருந்திருப்பார்" என்று எல்லார் முன்னாலும் சொன்ன அண்ணன், அதோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற துக்கத்தின் ஐந்து நிலைகளைப் பற்றிச் சிலர் சொல்லியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான். பறிகொடுத்தவர்களுக்கு அது பிற்பாடு பொருத்தப்பட்டதாம். நான் வரிசைப்படி அழவில்லையே என்று கவலைப்பட்டதெல்லாம் வீண்!

குற்ற உணர்வு அப்படிச் சுலபமாக விடவில்லை. ஆலோசகர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த நிமிஷம் உங்களுக்கு என்ன தெரியும்?" அப்பா வழக்கம்போல் பேசக் கூப்பிடுகிறார், காலையில் பேசிக்கொள்ளலாம். அவ்வளவுதான் தெரியும். முடிவு தெரிந்தபின் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும், மனதின் பழக்கம் அது என்றார். சரி, புத்திக்குப் புரிந்தது. நெஞ்சுக்கு இறங்கவில்லை.

அதை இறக்கிவைத்தது பிரார்த்தனைதான். பெரிய பக்தி என்றெல்லாம் இல்லை. கடவுளிடம் முதல் இரண்டு வாரம் சண்டைதான் போட்டேன். ஒருநாள் சண்டைபோட எதுவும் மிச்சமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

போன வாரம் அண்ணனுக்கு எழுதினேன். நியாயம் பேசவில்லை, "எனக்கும் அப்பாதான்டா" என்று மட்டும். நேற்று இரவு கூப்பிட்டான். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்லை. வைக்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்றான்.