1965 மஸ்டாங் கன்வெர்டிபிளை விற்கும்போது: வாங்க வருகிறவர் எங்கே கை வைக்கிறார்?

எட்டு சிலிண்டர்:
ரெஸ்டோர் செய்த 65 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிளை (கூரையை மடக்கித் திறக்கும் கார்) அமெரிக்காவில் விற்கப் போகிறவர்களுக்காக இந்த இழை. வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், பேரம் எங்கே முறிகிறது என்று அவரவர் பார்த்ததை எழுதுங்கள். நான் நம்பரில் தொடங்குகிறேன். விவரம் தெரிந்த ஆள் பெயிண்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொல்லி, டிரைவர் பக்க இன்னர் ஃபெண்டர் ஏப்ரனில் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்த் தகடு) டார்ச் அடிக்கிறார். வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) குத்தியிருப்பது அங்கேதான்.

5எஃப்08சி என்று ஆரம்பித்தால்: 5 மாடல் வருஷம் 1965. எஃப் டியர்பார்ன் தொழிற்சாலை (ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன்). 08 கன்வெர்டிபிள். சி, இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 எஞ்சின். அந்த இடத்தில் ஏ இருந்தால் நான்கு பேரல், 225 குதிரைசக்தி. கே இருந்தால் 271. டி (T) இருந்தால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். 08 இருக்க வேண்டிய இடத்தில் 07 இருந்தால் அது கூப்பேயாகப் பிறந்து கூரை வெட்டுப்பட்ட வண்டி. எவ்வளவு அழகாக வேலை செய்திருந்தாலும் கன்வெர்டிபிள் விலை வராது.

கதவிலிருக்கும் டேட்டா பிளேட்டை மட்டும் காட்டி யாரையும் நம்ப வைக்க முடியாது. புதிதாக அச்சடித்தே விற்கிறார்கள். பிளேட்டில் 76ஏ இருந்தால் சாதாரண உள்அலங்காரம், 76பி இருந்தால் சீட்டில் ஓடும் குதிரைகள் உள்ள உயர்ரகம். சீட் ஒன்று சொல்லி பிளேட் வேறொன்று சொன்னால், அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அதிகம் தகராறு வருவது ஜிடி (தொழிற்சாலையில் கிடைத்த ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ்) பேட்ஜில். 65இல் ஜிடி பேக்கேஜ் ஏ அல்லது கே எஞ்சினோடு மட்டுமே கிடைத்தது. வின்னில் சி இருந்து முன் கிரில்லில் ஃபாக் லைட்டும் பின்னால் இரட்டை சைலன்சர் வாயும் இருந்தால் அது குளோன், அதாவது பிறகு ஜிடி போல மாற்றியது. குளோன் விற்பது தப்பில்லை. விளம்பரத்தில் "ஜிடி" என்று மட்டும் போடுவதுதான் தப்பு.

ரிங்கு ஸ்பேனர்:
அதோடு "நம்பர்ஸ் மேட்சிங்", அதாவது வண்டியோடு பிறந்த அதே எஞ்சின் என்ற உரிமைகோரல். இந்த இரண்டு வார்த்தையை யோசிக்காமல் போட்டுவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 65இல் கே எஞ்சினில் மட்டும்தான் ஃபோர்டு வின்னைக் குத்தியது. எல்லா எஞ்சினிலும் குத்த ஆரம்பித்தது 1968 மாடலிலிருந்து. ஆகவே சி கோடு 65க்கு அதே எஞ்சின்தான் என்று வின்னை வைத்து நிரூபிக்க வழியே இல்லை. பிளாக்கில் உள்ள வார்ப்புத் தேதி, வண்டி தயாரான தேதிக்குச் சில வாரம் முந்தி இருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். "தேதி பொருந்துகிறது" என்று எழுதுங்கள், படமும் போடுங்கள்.

மார்ட்டி ரிப்போர்ட் (ஃபோர்டின் தயாரிப்புப் பதிவிலிருந்து எடுத்த வண்டி விவர அறிக்கை) கேட்டு வருகிறவர்களும் உண்டு. அது 67 மாடலில் தொடங்குகிறது. 65க்குக் கிடையாது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

"64½" (1964 ஆகஸ்ட்டுக்கு முன் வந்த முதல் தொகுதி) என்று விளம்பரம் கொடுக்கிறவர்கள் கவனிக்க: ஆரம்பகால வண்டிக்கும் வின்னில் 5தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது பொருளில். முதல் சில மாத வண்டிகளில் ஜெனரேட்டர், எஞ்சின் கோடு பெரும்பாலும் யு, எஃப் அல்லது டி (D). 1964 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். சி கோடு வண்டியில் ஜெனரேட்டரைத் தேடிப்பிடித்து மாட்டி 64½ என்று சொன்னால் எதிரில் நிற்பவர் சிரித்துவிட்டுப் போவார்.

கேன்வாஸ் கூரை:
நம்பர் சரியாக இருந்தாலும் பாதிப் பேர் திரும்பிப் போவது கதவு இடைவெளியில். கூரை இல்லாத வண்டியில் மொத்த பாரத்தையும் தாங்குவது தரையும் ராக்கர் பேனலும் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு) டார்க் பாக்ஸும்தான் (ராக்கரை அடிச்சட்டத்தோடு இணைக்கும் பெட்டி). அவை துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். கதவின் பின்பக்க மேல் இடைவெளி குறுகி, கீழே விரியும். விற்பதற்கு முன்னால் நீங்களே சோதித்துவிடுங்கள். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது இடைவெளியை மேலே, நடுவே, கீழே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன் டார்க் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்தப் பக்கச் சக்கரம் தரையை விடும்வரை தூக்கி, கதவைத் திறந்து மூடி மறுபடி அளங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, கதவின் லாட்ச் தூணிலுள்ள ஸ்டிரைக்கரில் (பூட்டு மாட்டும் கொக்கி) உரசினாலோ, உள் ராக்கர் பலமில்லை.

இதில் துரு மட்டுமே குற்றவாளி இல்லை. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு வைக்காமல் தரையை வெட்டிப் புதுத் தகடு போட்டிருந்தால் பாடி அந்தத் தொய்விலேயே நிலைத்துவிடும். அப்புறம் கதவைக் கீலில் தூக்கி, ஓரத்தில் பட்டி வைத்து நேராகக் காட்டுவார்கள். பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்கும். மறுபெயிண்ட் அடித்த தகடு 200, 300 மைக்ரான் காட்டுவது சகஜம். 1000 தாண்டினால் அடியில் பட்டி. டிங்கரிங் நடந்தபோது குறுக்குக் கம்பியோடு எடுத்த படம் உங்களிடம் இருந்தால், பளபளக்கும் படங்களுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

இன்னொரு சோதனை, முன்கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கௌல் கிரில் (காற்று உள்ளே போகும் துளைத் தகடு). தெரிந்தவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றிவிட்டு, டாஷுக்கு அடியில் ஹீட்டர் பெட்டியின் பின்பக்கம் விரலை ஓட்டுவார்கள். விரல் நனைந்தால் முன்தரைத் தகட்டைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிடும், விலையும் இறங்கும். கௌலைச் சரியாகச் செய்ய ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல் தகட்டைப் பிரிக்க வேண்டும். சீலண்டைப் பூசி மறைத்தது இரண்டு மழைக்குத் தாங்காது.

கூரையைக் காட்டும்போது எஞ்சினை ஓடவிடுங்கள். பவர் டாப் பம்பு பேட்டரியை உறிஞ்சும்; வோல்டேஜ் குறைந்தால் கூரை நடுவழியில் நிற்கும். ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் பிந்தும் பக்க சிலிண்டரில் கசிவு, அல்லது குழாயில் காற்று. பின்சீட்டுக்குப் பின்னால் பம்பு இருக்கிறது. அங்கே கார்பெட்டில் சிவப்பு எண்ணெய்க் கறை இருந்தால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பின்கண்ணாடியின் ஜிப்பைக் கழற்றாமல் கூரையை இறக்காதீர்கள், குளிரில் அது மடிப்பு வாக்கில் விரிசல் விடும். ஈரக்கூரையை மடித்து வைத்தால் பூஞ்சை வாடை வரும், அதைப் போக்குவது லேசில்லை.

எட்டு சிலிண்டர்:
கூரைத் துணி, கதவுக் கண்ணாடியைச் சரிசெய்வதற்கு முன்னால் போடப்பட்டிருந்தால் காற்றுச் சத்தம் போகவே போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் கதவுக் கண்ணாடி, அடுத்து பின் குவாட்டர் கண்ணாடி, கடைசியில் கூரை.

ரிங்கு ஸ்பேனர்:
எஞ்சினைச் சூடுபண்ணி வைக்காதீர்கள். வந்தவுடன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறீர்கள் என்று அர்த்தம். பல வாரம் நின்ற வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் பௌலில் வற்றியிருக்கும், நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டிவரும். முதல் நாளே ஓட்டி வைத்துவிட்டு, பார்க்க வரும் நாளில் பெடலை ஒருமுறை முழுக்க அழுத்தி சோக்கை விழவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

65இல் வந்தது ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். இரட்டை அறையாக மாற்றியிருந்தால் ஒரிஜினல் போய்விட்டதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பழையதைப் பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

கேன்வாஸ் கூரை:
மன்னிக்கணும், அது ஓட்டுவதற்காக வாங்குகிறவரிடம் சரி. கான்கோர்ஸ் ஜட்ஜிங்குக்கு (ஒரிஜினல் நிலைக்கு மதிப்பெண் போடும் போட்டி) எடுத்துப்போகிறவருக்குப் பெட்டியில் இருப்பது போதாது. அவரிடம் பழையதை மாட்டிக் கொடுக்க ஆகும் செலவைப் பேசிக் கழித்துக்கொள்வதே நல்லது.

நோட்டரி முத்திரை:
பேப்பர் பக்கம் யாரும் வரவில்லையே. ஐந்து இலக்க ஓடோமீட்டர், ஒரு லட்சம் மைல் தாண்டினால் பூஜ்யம். 2010 மாடல் வரையிலான வண்டிகளுக்கு மைல் கணக்கை எழுதிக்கொடுக்கும் கூட்டாட்சி விதி பொருந்தாது. அதற்காக "42,000 ஒரிஜினல் மைல்" என்று அடித்துவிடலாம் என்றில்லை. ஆதாரம் இல்லாவிட்டால் "உண்மை மைல் தெரியாது" என்று எழுதுங்கள். விற்பனைச் சீட்டில் "உள்ளது உள்ளபடி" என்று போட்டாலும், விளம்பரத்தில் சொன்ன பொய்க்கு அது கவசமாகாது.

ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவைத்தால் சிக்கல். நியூயார்க்கில் 1972 வரையிலான மாடலுக்கு டைட்டிலே தருவதில்லை, கைமாற்றும் ரிஜிஸ்ட்ரேஷன்தான். வேறு மாநிலத்து ஆள் டைட்டில் எங்கே என்று பதறுவார், முன்கூட்டியே சொல்லுங்கள். கலிபோர்னியாவில் விற்ற ஐந்து நாளுக்குள் டிஎம்வியில் (மாநில வாகனத் துறை) பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைப் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும்.

பணம்: வண்டியைப் பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதித்து, கூடுதல் தொகைக்கு கேஷியர் செக் (வங்கியே எழுதித் தரும் செக்) அனுப்பி, மிச்சத்தை வண்டியை ஏற்றிச்செல்லும் டிரக்காரருக்குக் கொடுங்கள் என்பவர் வாங்குகிறவரே இல்லை. போலிச் செக் முதலில் கணக்கில் வரவாகத் தெரியும், சில வாரம் கழித்து வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். வங்கி ஒயர் டிரான்ஸ்ஃபராக வாங்குங்கள். செக்தான் என்றால் அவருடைய வங்கிக் கிளைக்கே போய், கவுன்ட்டரில் அச்சாவதைப் பார்த்து வாங்குங்கள்.

எட்டு சிலிண்டர்:
டிரக்கில் ஏற்றும்போது கூரையை மூடி இரண்டு லாட்சையும் பூட்டுங்கள். திறந்த டிரெய்லரில் காற்று அடியில் புகுந்தால் துணி தையலோடு கிழியும். டேங்கில் கால்வாசி பெட்ரோல் போதும். டைட்டிலை டிரைவர் கையில் கொடுக்காமல் தனியாகத் தபாலில் அனுப்புங்கள்.