மறு: 'பார்' என்ற அளவைக்குத் தமிழ்ச்சொல்: ஊட்டொளி சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்பு, வடிகட்டி, நீரோட்டம் எல்லாம் தமிழில் தடையில்லாமல் ஓடின. கோமாளி மீனும் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல்விலங்கும் சேர்ந்து வாழும் அத்தியாயத்தில், எந்த விளக்கைத் தேர்ந்தெடுப்பது என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். விஷயம் தெரியாமல் இல்லை, சொல் இல்லாமல். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் 'பார்' என்ற அளவைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்தக் குழுவில் எழுதியது அதனால்தான்.

கோமாளி மீனுக்கு விளக்கு ஒரு பொருட்டே இல்லை. சாமந்திக்கு அதுதான் பிழைப்பு. அதன் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையில் அவை உண்டாக்குவதில் கணிசமான பங்கு சாமந்திக்குப் போய்ச் சேருகிறது. மீன் வெளியேற்றும் அமோனியா அந்தப் பாசிக்கு உரமாகிறது. ஆக, விளக்கு வாங்குகிறவர் மீனுக்கும் வாங்கவில்லை, நேராகச் சாமந்திக்கும் வாங்கவில்லை. பாசிக்கு வாங்குகிறார்.

ஆனால் விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருப்பது எதுவும் பாசிக்காக அச்சிட்டதல்ல. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்ற கணக்கு. கெல்வின் என்பது வெளிச்சம் என்ன நிறமாகத் தோன்றும் என்ற கணக்கு. 14,000 கெல்வின் என்று போட்ட இரண்டு விளக்குகளின் நிறமாலை ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. லூமெனும் லக்ஸும் மனிதக் கண்ணை நடுவராக வைத்து அளப்பவை. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கத்துப் பச்சைதான் மிகப் பளிச்சென்று தெரியும். 450 நானோமீட்டர் நீலத்தில் அந்தக் கூர்மை நூற்றுக்கு நான்குகூடத் தேறாது. அந்தப் பாசிகள் நன்றாக உறிஞ்சுவதோ நீலத்தைத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் சாமந்தி குமிழ்நுனி வகை. நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்கு போட்டிருந்தேன். பார்த்தால் மங்கல். லக்ஸ்மானியும் அதையே சொன்னது. சரி, பாவம் பட்டினி கிடக்கிறது என்று விளக்கை முழுத் திறனுக்கு ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் அது பாறைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. இன்னும் சில நாளில் பாசியை உதறிவிட்டு வெளுத்தது. இருட்டில் வாடுகிறது என்று நான் நினைத்திருக்க, அது வெயிலில் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

அளந்திருக்க வேண்டியது வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், விழுகின்றன என்று மைக்ரோமோலில் எண்ணும் அளவு. தொட்டிக்காரர்கள் இதைப் 'பார்' என்கிறார்கள். Photosynthetically Active Radiation என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்த சொல் (PAR). தமிழில் இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்தச் சாமந்திக்கு 200 பார் வேண்டும்." அழுத்தத்தின் அலகும் பார்தான். உலகமும் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணை நம்பாதே என்று சொல்லவந்த அளவைக்குப் 'பார்' என்று பெயர் வைப்பது வேடிக்கை.

போன வாரம் வந்த பரிந்துரைகளுக்கு என் கருத்து:

> ஒளிச்சேர்க்கைக்கு உகந்த கதிர்வீச்சு

பொருளில் குறையே இல்லை. ஒரு பத்தியில் ஆறு முறை எழுத முடியாது, அவ்வளவுதான். கதிர்வீச்சு என்றதும் வாசகர் நினைப்பு மருத்துவமனைக்கோ அணு உலைக்கோ போய்விடுகிறது.

> பச்சையொளி

பச்சையம் உண்ணும் ஒளி என்று விரித்துக்கொள்ளலாம். ஆனால் படிப்பவர் பச்சை நிற விளக்கைத்தான் நினைப்பார். போதாக்குறைக்கு இந்தப் பாசிகள் பச்சையும் அல்ல, பழுப்பு.

> விளையொளி

அழகான வினைத்தொகை. ஒளியே எங்கோ விளைகிறது என்றும் பொருள் வருகிறதே என்பதுதான் தயக்கம்.

என் பரிந்துரை ஊட்டொளி. சுடுநீர், ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகைதான். உண்பது பாசி, ஊட்டுவது ஒளி. ஊட்டச்சத்து என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் விளக்கவுரை தேவைப்படாது. அளக்கும் கருவி ஊட்டொளிமானி.

இதற்கு இணையாக, கண்ணுக்கான வெளிச்சத்துக்குக் காணொளி என்று வைத்தால் ஜோடிப் பொருத்தம் அமோகமாக இருந்திருக்கும். ஊட்டொளி, காணொளி! அதை ஏற்கெனவே வீடியோவுக்குக் கொடுத்துவிட்டோம். கண்ணொளி என்று வைத்துக்கொள்ளலாமா?

* * *

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. நாக்கில் ஒட்டுகிறது. ஆனால் முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் சும்மா விடமாட்டேன்.

நீங்கள் ஒரே பெயருக்குள் இரண்டு பொருளை அடைத்திருக்கிறீர்கள். 400–700 என்பது ஒளியின் வகை. 200 என்பது அந்த வகை எவ்வளவு வேகமாக வந்து விழுகிறது என்ற எண்ணிக்கை. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. தொட்டிக்காரர்கள் சோம்பல்பட்டு இரண்டையும் பார் என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சோம்பலையும் சேர்த்தா நாம் மொழிபெயர்க்க வேண்டும்? வகைக்கு ஊட்டொளி இருக்கட்டும். அளவுக்கு ஊட்டொளிப் பாய்வு என்று சொல்லுங்கள். பிறகு மூன்றாவது ஒன்று வரும், நாள் முழுவதும் விழுந்ததன் கூட்டுத்தொகை. 200 மைக்ரோமோல் பாய்வில் பத்து மணி நேரம் எரிந்தால், 36,000 நொடிக்கு 7.2 மோல். அதற்கு நாள் ஊட்டொளி. மூன்றும் ஒரே வேரில் வந்துவிட்டன பாருங்கள். 'பார்' என்ற சொல்லில் இப்படிக் கிளை விடாது.

இன்னொன்று. இங்கே எண்ணுவது ஆற்றலை அல்ல, துகள்களை. 450 நானோமீட்டர் நீலத் துகள் ஒன்றில் 660 நானோமீட்டர் சிவப்புத் துகளைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் உண்டு. இந்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்றுதான். உங்கள் கையேட்டில் இதை ஒரு வரி சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்டைக் கொண்டு வந்து குழப்புவார்கள்.

ஊட்டொளி என்றால் முழுவதும் உணவாகிவிடும் என்று பொருள்படாதா என்று வேறொருவர் கேட்டிருந்தார். படட்டும். ஆக்சிஜன் என்ற பெயருக்கு அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். வேதியியலாளர் லவாய்சியே தவறாக நினைத்து வைத்த பெயர். அதனால் யாருக்காவது மூச்சு நின்றதா? பெயர் கைகாட்டினால் போதும். எல்லையை வரையறை பார்த்துக்கொள்ளும்.

காணொளி போனதற்கு வருத்தப்படவேண்டாம். கண்ணொளி என்றால் பார்வைத்திறன் என்று எடுத்துக்கொள்வார்கள். லக்ஸை லக்ஸ் என்றே எழுதுங்கள், அது அலகுதானே.

* * *

வணக்கம்.

நாங்கள் இலங்கையில் ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்று படித்தவர்கள். ஒளிச்சேர்க்கை என்று தொடங்கும் எந்தச் சொல்லும் எங்கள் பக்கம் ஒரு படி அந்நியமாகவே நிற்கும். ஊட்டொளியில் சேர்க்கையும் இல்லை, தொகுப்பும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்கே என் வாக்கு அதற்கு.

ஆனால் ஐயாவும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. ஊட்டுவதற்கு ஓர் அளவு உண்டே. பாய்வு கூடக்கூட ஒளித்தொகுப்பும் ஏறும், ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிடும். அதையும் தாண்டினால் பாசிக்கே சேதம். உங்கள் சாமந்தி வெளுத்த கதை அதுதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் கரைசல் பாடத்தில் 'தெவிட்டிய கரைசல்' என்று வரும் அல்லவா? நாங்கள் நிரம்பிய கரைசல் என்போம். இங்கே மட்டும் உங்கள் சொல்லைக் கடன் வாங்கலாம் என்று படுகிறது. ஊட்டினால் ஒரு கட்டத்தில் தெவிட்டும். ஏற்றம் நிற்கும் அந்த இடத்துக்குத் தெவிட்டுநிலை என்று வைத்தால், ஊட்டொளி கேட்காமலே அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறது.

* * *

நண்பர்களே, ஐயா,

தெவிட்டுநிலை! இதைப் படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நான்கு நாளாக 'ஒளிச் செறிவுநிலை' என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு சொல் இன்னொரு சொல்லைத் தானாக இழுத்து வந்தால் அது நிலைக்கும் என்பது என் எண்ணம்.

பாய்வு, நாள் ஊட்டொளி இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். கண்ணொளியைக் கைவிட்டுவிட்டேன். இப்போது சொற்களை வேலைக்கு அனுப்பிப் பார்ப்போம். கையேட்டுப் பகுதியின் வரைவு கீழே:

"சாமந்திக்கு விளக்கு தேடும்போது அதன் ஊட்டொளிப் பாய்வைக் கேளுங்கள், எந்த உயரத்தில், நீருக்குள் எந்த ஆழத்தில் அளந்தது என்பதையும் கேளுங்கள். ஒரே விளக்கு நீர்மட்டத்தில் ஒரு எண்ணும் மணல்தரையில் அதில் சிறு பங்கும் தரும். கோமாளி மீன்கள் குடியேறும் சாமந்தி வகைகள் பத்து. பத்துக்கும் ஒரே பசி அல்ல. குமிழ்நுனிச் சாமந்தி நடுத்தரப் பாய்வில் தேறிவிடும். 150 முதல் 250 வரை வைத்துத் தொடங்குவது பொதுவான வழக்கம். மேட்டுப்பாறையில் வெயிலை வாங்கி நிற்கும் பெருஞ்சாமந்திக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், புதிதாகத் தொட்டி வைப்பவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

"லக்ஸ்மானியை வைத்து ஊட்டொளியைக் கணக்கிடாதீர்கள். நண்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸுக்கு மேல் காட்டும் இடத்தில் ஊட்டொளிப் பாய்வு 2,000 அளவில் இருக்கும். ஆகவே ஐம்பது சொச்சத்தால் வகுத்தால் விடை வந்துவிடும் என்பது வெயிலுக்குச் சரி. நீல எல்.இ.டி.க்கு அந்த வகுத்தல் படுபொய். லக்ஸ் கொஞ்சமாகவும் ஊட்டொளி ஏராளமாகவும் இருக்கும். ஊட்டொளிமானிகளிலும் பழைய மாதிரிகள் சில நீலத்தைக் குறைத்தே காட்டும்.

"புது விளக்கை முதல் நாளே முழுத் திறனில் எரியவிடாதீர்கள். பாதிக்கும் கீழே தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுங்கள். பாசி புது வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள நாள் எடுக்கும். சாமந்தி உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்: ஊட்டொளி போதாவிட்டால் உடலை நீட்டி விளக்கை நோக்கி எழும், தெவிட்டினால் சுருங்கி நிழல் தேடும். இரண்டிலும் அது அடிப்பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு நகரக்கூடும் என்பதால், நீரேற்றியின் வாய்க்கு வலை கட்டியபிறகே சாமந்தியைத் தொட்டியில் விடுங்கள். வெளுத்த சாமந்திக்கு வெளிச்சத்தைக் கூட்டுவது பெரும்பிழை. வெளிச்சத்தைத் தணித்து, பாசி மீண்டும் பெருகும்வரை சிறு துண்டு இரையைக் கையால் கொடுத்துவாருங்கள்."

கடைசி வரியில் 'ஊட்டிவாருங்கள்' என்றுதான் முதலில் எழுதினேன். அப்புறம் ஊட்டொளியோடு மோதுமே என்று மாற்றினேன். மோதினாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஒளி ஊட்டாதபோது நாம் ஊட்டுகிறோம், அவ்வளவுதானே? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரு முடிச்சு மட்டும் மிச்சம். 400–700 என்ற வரையறைக்கு வலு சேர்த்தது 1970களின் தொடக்கத்தில் மெக்ரீ என்ற ஆய்வாளர் பயிர் இலைகளை வைத்துச் செய்த அளவீடுகள். கடற்பாசி அந்த வரம்பு முழுவதையும் ஒரேபோல உறிஞ்சாது. இதற்காகவே மொரெல் என்ற கடலியலாளர் 1978-இல், பாசி உண்மையில் உறிஞ்சக்கூடிய பங்கை மட்டும் பிரித்து வேறொரு அளவையை முன்வைத்தார். அதற்கு 'ஏற்பொளி' என்று குறித்துவைத்திருக்கிறேன். ஊட்டுவது எல்லாம் ஊட்டொளி, பாசி ஏற்பது ஏற்பொளி. ஐயா இதையும் சும்மா விடமாட்டார் என்று தெரியும். தனி இழையில் தொடங்குகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.

மற்றபடி, வெள்ளிக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் மேலே உள்ளபடியே கையேட்டில் ஏற்றிவிடுவேன்.