புதுப்பிப்பு: பழைய பிரையர் மரப் புகையிலை பைப், இறுகிய காம்பும் வாடையும்

பழுப்பேறி இறுகிப்போன வல்கனைட் (கெட்டி ரப்பர்) காம்பு, நாறும் புகையிலைக் கிண்ணம் என்று போன பதிவில் போட்ட பைப் இப்போது ரெடி. வேலூர் வெயிலில் காம்பை முறுக்காதீர்கள், மரம் வெடிக்கும். ஃப்ரீசரில் அரைமணி வைத்தால் மரத்தைவிட ரப்பர் அதிகம் சுருங்கும். மெதுவாகத் திருகி இழுத்தால் கழன்றுவிடும்.

காம்பிலுள்ள கம்பெனி முத்திரைமேல் டேப் ஒட்டிவிட்டு 400, 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். பழுப்பை முழுசாக எடுக்காமல் பாலிஷ் போட்டால் வீண்தான். பழுப்பு வருவது வெளிச்சத்தால், ஜன்னலோரம் வேண்டாம்.

வாடையை உறிஞ்சி எடுக்கக் கல் உப்பைவிடப் பஞ்சே மேல். கிண்ணத்தில் திணித்து, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சொட்டுச் சொட்டாக விட்டு ராத்திரி வையுங்கள். காலையில் பஞ்சு டிகாஷன் நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்த ஸ்பிரிட் என்றால் மரம் ஊறிப்போகும். நன்றாகக் காயும்வரை பற்றவைக்கக் கூடாது. கிண்ணத்தின் உள்சுவரில் படிந்த கரியை 1 மி.மீ. விட்டுச் சுரண்டுங்கள்.