சம்பங்கி மணமுள்ள பெர்ஃப்யூம்: பயன்படுத்தியவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாலையில் கட்டும் நிலச்சம்பங்கியை மையமாக வைத்த ஒரு பெர்ஃப்யூம் வாங்க வேண்டும். விலை கொஞ்சநஞ்சமல்ல, அதனால் முழுப் பாட்டில் வாங்கும் முன் கேட்டுவிடுகிறேன்.

சிறு குப்பிகளில் முகர்ந்தவற்றில் என்னை ஆட்டிப்படைத்தது செர்ஜ் லூட்டன்ஸ் நிறுவனத்தின் 'டூபெரோஸ் கிரிமினெல்' (1999). தெளித்ததும் வலிநிவாரணத் தைலம் போலச் சுரீரென்று ஏறுகிறது. முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நெடிக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட் சம்பங்கிப் பூவிலேயே இருக்கிறது. இந்த பெர்ஃப்யூமை உருவாக்கிய கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் அதை மறைக்காமல் முன்னால் நிறுத்தியிருக்கிறார். அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது. சற்றுப் பொறுத்தால் குளிர்ச்சி விலகி, பூ மட்டும் தனியாக, பாலும் தேனுமாக நிற்கிறது.

ஜெர்மேன் செலியே 1948-இல் படைத்த 'ஃப்ரகா' இதைவிடக் கொழுமையானது, எனக்குத் திகட்டுகிறது. டொமினிக் ரோபியோனின் 'கார்னல் ஃப்ளவர்' (2005) பச்சைத் தண்டின் ஈரத்தோடு வருகிறது, அருமை. கார்னல் ஃப்ளவருக்கும் லூட்டன்ஸுக்கும் நடுவில்தான் தவிக்கிறேன்.

சென்னை வெயிலில், வியர்வையோடு சேரும்போது இவற்றில் எது நிதானமாக நிற்கும்? அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைவலி வராத அளவுக்கு எத்தனை முறை தெளிக்கலாம்? பழைய தயாரிப்பையும் இப்போது வருவதையும் ஒப்பிட்டவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். இதே பூவில் நான் தவறவிட்ட வேறு பெயர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.