ஹெவி லைசென்ஸ் எடுத்தாச்சு, கூட்டாளியோட ஒரே லாரியில ஏறலாமா?

திருச்செங்கோட்டுப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம்ணா. நானும் என் பங்காளி ஒருத்தனும் ஒண்ணா ஹெவி லைசென்ஸ் எடுத்தோம். அவன் போர் போடற ரிக் வண்டியில ஹெல்பரா இருந்தவன், நான் லோக்கல்ல ஈச்சர் லாரி ஓட்டிட்டு இருந்தேன். இப்ப ஒரு ஓனர் பன்னெண்டு சக்கர டாரஸ் லாரி தர்றேன், ரெண்டு பேரும் ஏறிக்கங்கன்னு சொல்றாரு. புனே, அகமதாபாத் லைன். எங்கப்பாவுக்குச் சுத்தமா பிடிக்கல. கூட்டாளியோட ஓட்டுனவங்க என்ன நடந்துச்சோ அதை அப்படியே சொல்லுங்கண்ணா.

சங்ககிரி பழைய ஸ்டேரிங்:
தம்பி, நான் மொத மொத லைன் ஏறுனதே எங்க வீதிக்காரன் ஒருத்தனோடதான். ஜவ்வரிசி லோடு, புனேக்கு. கிளம்புறப்ப கல்யாணத்துக்குப் போற மாதிரி இருந்துச்சு. ஓசூர் தாண்டுற வரைக்கும் பாட்டு, பேச்சு, சிரிப்பு. அங்கதான் கோளாறே.

டபுள் டிரைவர்னா ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் தூங்கணும். அவ்வளவுதான் கணக்கு. கூட்டாளி ரெண்டு பேரு ஏறுனா ரெண்டு பேருமே முழிச்சிருப்பாங்க. ஊர்க்கதை, பொண்ணு கதை, அரசியல்னு பெங்களூர் தாண்டி நெலமங்களா வரைக்கும் வாய் ஓயாது. பன்னெண்டு மணிக்கு மேல ரெண்டு பேருக்கும் சேர்ந்தே கண்ணு சொக்கும். பேருக்குத்தான் ரெண்டு டிரைவர்.

அன்னிக்கு ஒரு மணிக்கு அவன் ஸ்டேரிங் பிடிச்சான். ரெண்டரைக்கு எழுப்புடான்னு சொல்லிட்டு பின்னாடி படுக்கையில சாஞ்சேன். முழிப்பு வந்தது அவன் எழுப்பி இல்ல. இடது பக்க டயரு தார் ரோட்டை விட்டு மண்ணுல இறங்கி, வண்டி தடதடன்னு ஆடுனதுல. நாலு மணி, ஹிரியூர் பக்கம். நல்லவேளை, பள்ளம் இல்ல. டேஷ்போர்டுல இருந்த டீ டம்ளர் என் மூஞ்சியில வந்து விழுந்துச்சு. ஏன்டா எழுப்பலன்னு கேட்டேன். "நீ அசந்து தூங்குன மாப்ள, பாவமா இருந்துச்சு"ங்கறான்.

கோவப்படக்கூட முடியல. பாசத்துலதான் பண்ணான். ஆனா அந்தப் பாசம் ரெண்டு பேரையும் கொண்டு போயிருக்கும்.

பொறவு ஒரு பெரியவர்கூட மாத்தி விட்டாங்க. எடப்பாடி பக்கத்து ஆளு. சாப்பிட்டு எந்திரிச்சா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. துண்டை மூஞ்சியில போட்டாருன்னா ரெண்டு நிமிசத்துல குறட்டை. அவரு முறை முடிஞ்சா வண்டியை ஓரங்கட்டி என் காலைப் பிடிச்சு உலுக்குவாரு. குளிரா, மழையா, காய்ச்சலா, எதுவும் கேட்க மாட்டாரு. ஆரம்பத்துல எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு ஓட்டுறப்பதான் நான் நிம்மதியா தூங்குனேன்.

இன்னொண்ணு, இறக்கம். ரெண்டு புதுப் பசங்க சேர்ந்தா மைலேஜ் காட்டறேன்னு ஒருத்தனை ஒருத்தன் ஏத்தி விட்டு நியூட்ரல்ல விடுவாங்க. தருமபுரியில இருந்து சேலம் வர்றப்ப தொப்பூர் கணவாய், புனேக்குள்ள போறப்ப காத்ரஜ் புது டனல் தாண்டி நவலே பாலம் வரைக்கும் இருக்கற இறக்கம், ரெண்டுலயும் எத்தனை வண்டி பிரேக் இல்லாம முன்னாடி போனவன் மேல ஏறியிருக்குன்னு பேப்பர் படிக்கறவனுக்கே தெரியும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் பிடிக்காது. முழு பாரமும் பிரேக் மேலதான். ட்ரம் சூடாகி வாசம் வர்றப்ப காலடியில ஒண்ணும் இருக்காது. எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்குன்னு பக்கத்துல உக்காந்து திட்டறதுக்கு ஒரு பழைய ஆளு வேணும்.

நாமக்கல் ஓனர்:
மேல சொன்ன அண்ணன் டிரைவர் பக்கம் சொல்லிட்டாரு, நான் ஓனர் பக்கம் சொல்றேன். கூட்டாளி ரெண்டு பேரை ஒரே வண்டியில ஏத்தவே மாட்டேன். திருட்டு பயமெல்லாம் இல்லைங்க. சண்டை வந்தா ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கிருவாங்க, அதான். என் வண்டி ஒண்ணு நாசிக்ல வெங்காய லோடு ஏத்தி, தார்ப்பாய் கட்டி, ஆள் இல்லாம நின்னுச்சு. என்னன்னு பார்த்தா, ஒருத்தன் தங்கச்சியைப் பத்தி இன்னொருத்தன் ஏதோ சொல்லிட்டானாம். வெங்காயம் காத்திருக்குமா?

முன்னாடி நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்னு இருந்துச்சு. 2018ல அதை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆளு படிக்காசு மிச்சம்னு சிங்கிள் டிரைவரா அனுப்பறவங்க ஜாஸ்தி. 1961ம் வருச மோட்டார் தொழிலாளர் சட்டத்துல நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா அரை மணி ஓய்வுன்னு 2025 வரைக்கும் இருந்துச்சு. லைன்ல யாரு அதைப் பார்த்தாங்க, சொல்லுங்க. அதனால ரெண்டு புது ஆளுகளுக்கு ஒருத்தர் வண்டி தர்றாருன்னா தம்பி, ஏன் தர்றாருன்னு மொதல்ல கேளுங்க. பழைய டிரைவர் யாரும் அந்த வண்டியில ஏன் நிக்கலைன்னும் விசாரிங்க.

தூத்துக்குடி கண்டெய்னர்:
எல்லாரும் ஒரே பக்கமா பேசுதீங்க. எனக்குக் கூட்டாளிதான் உசுரு. குஜராத்துல காந்திதாம் பக்கத்துல நைட்டு எனக்கு வாந்தியும் வயித்தால போக்கும் நிக்கல. பாஷை தெரியாது. வண்டியை பங்க்ல போட்டுட்டு, என்னைத் தோள்ல சாச்சு ஆட்டோ பிடிச்சு, ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் இறங்குத வரைக்கும் பக்கத்துலயே இருந்தான். ஓனர் போன் மேல போன் போட்டும் அவன் வண்டியை எடுக்கல. வேற ஆளா இருந்தா என்னைய இறக்கி விட்டுட்டு லோடை எடுத்துட்டுப் போயிருப்பான். அதுவும் தப்புன்னு சொல்ல முடியாது, அவனுக்கும் ட்ரிப்பு காசுதான பொழப்பு.

காசு விஷயத்துல மட்டும் கறாரா இருந்தோம். டீசல், பஞ்சர், ஏத்துக்கூலி, இறக்குகூலி, வழிச்செலவு எல்லாம் ஒரு நோட்டுல. யாரு குடுத்தாலும் அன்னிக்கே எழுதணும். ட்ரிப் முடிஞ்சதும் பாதிப்பாதி அவங்கவங்க வீட்டுக்கு ஜிபேல போயிரும். டீ, பீடி, சிகரெட்டு அவனவன் சொந்தக் காசு. சின்னப்புத்தி மாதிரி தெரியும். ஆனா இன்னிக்கு வரைக்கும் காசால ஒரு பேச்சு வரல.

சங்ககிரி பழைய ஸ்டேரிங்:
தூத்துக்குடி தம்பி, நீங்க சொன்னது நெசம். நீங்க ரெண்டு பேரும் ஏறுனப்ப புதுசா, பழகுன ஆளா?

தூத்துக்குடி கண்டெய்னர்:
அவன் எனக்கு முந்தியே ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்டுனவன். எனக்கு ரிவர்ஸ் எடுக்கப் பழக்குனதே அவன்தான்.

சங்ககிரி பழைய ஸ்டேரிங்:
அப்ப அது வேற கதை தம்பி.

ஸ்காபரோ:
நான் கனடாவில ட்ரக் ஓடுறன். இஞ்ச ஒன்ராறியோவில 2017 ஜூலையில இருந்து 103.5 மணித்தியாலப் பயிற்சி எடுக்காமல் ஏஇசட் எண்ட பெரிய ட்ரக் லைசென்ஸ் இல்லை. நானும் சிநேகிதனும் லைசென்ஸ் எடுத்த கையோட ரொறன்ரோ – வன்கூவர் ரீமா, ஒரே ட்ரக்கில ரெண்டு பேரும் மாறி மாறி ஓடினனாங்கள். சங்ககிரி அண்ணை சொன்ன அந்தப் "பாவம், தூங்கட்டும்" இஞ்ச நடக்காது. ஈஎல்டி எண்டு ஒரு பெட்டி எல்லாத்தையும் பதியும். 13 மணித்தியால ஓட்டம் முடிஞ்சால் முடிஞ்சதுதான். ரீமா ஓடுற ஆக்கள் ஓய்வைப் பிரிச்சு எடுக்கலாம், ஆனா ஒருக்காப் படுத்தால் நாலு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. அதால எழுப்புறது பெட்டி, சிநேகிதன் இல்லை.

ஆனா படுத்தனியா, நித்திரை கொண்டனியா எண்டு பெட்டிக்குத் தெரியாது. பனிக்காலத்தில சுப்பீரியர் ஏரிக்கரையால அவன் ஓட்டேக்க நான் ஒரு கண்ணும் மூடேல்ல. கடைசியில தனித்தனியப் பிரிஞ்சிட்டம். இப்பவும் நல்ல சிநேகிதம்தான், சனிக்கிழமையில ஒண்டாக் கிரிக்கெட் விளையாடுறனாங்கள்.

திருச்செங்கோட்டுப் பையன்:
ரொம்ப நன்றிண்ணா. நாமக்கல் அண்ணா சொன்னபடி விசாரிச்சேன். அந்த வண்டியில இருந்த ரெண்டு டிரைவரும் சம்பள பாக்கியோட இறங்கினவங்களாம். அதனால அது வேண்டாம்னு விட்டாச்சு. வேற ஒரு ஆபீஸ்ல ரெண்டு வண்டி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பழைய டிரைவர். நான் ஒண்ணுல, பங்காளி ஒண்ணுல ஏறிக்கிட்டு, சேர்ந்தே லோடு எடுத்து முன்னும் பின்னுமா போலாமான்னு கேட்கறோம். அது சரி வருமாண்ணா?

நாமக்கல் ஓனர்:
தாராளமா போங்க. ஒரே தாபாவுல சாப்பிடுங்க, டயர் மாத்துறப்பவும் கைக்கு ஆள் இருக்கும். ஆனா போறப்பதான் ஜோடி. புனேல இறக்குனதும் ரிட்டன் லோடு ரெண்டு வண்டிக்கும் ஒரே ஊருக்குக் கிடைக்கும்னு மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க தம்பி. உங்களை ராஜ்கோட்டுக்கும் அவரை ஐதராபாத்துக்கும் அனுப்பிருவாங்க.