மழைக்கு முன்: மேலத்தெரு வாட்ஸ்அப் குழு

ஞாயிறு, காலை 7.10

செவிலியர் அக்கா: வணக்கம். மழை இன்னும் சில நாட்களில் பிடித்துவிடும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேற்று முழுவதும் மருந்து இருப்பைச் சரிபார்த்தோம். பாம்புக்கடி மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிளீச்சிங் பவுடர் வந்துவிட்டன. ஜெனரேட்டரையும் ஓட்டிப் பார்த்தோம். இனித் தெருவின் கணக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பேறுகாலம் யாருக்கு? இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் போகிறவர் யார் யார்?

டிராக்டர் தம்பி: கணக்கு எதற்கு அக்கா? 108 இருக்கிறதே.

பெரியப்பா: தம்பி, 2018 நவம்பர் 16 அன்று நீ ஊரில் இல்லை. கஜா புயல் அடித்த அந்தக் காலையில் வேதாரண்யம் சாலை முழுக்க மரம். 108 எப்படி வரும்? உன் சித்தியைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கினோம். ஒவ்வொரு மரத்தருகிலும் கட்டிலை இறக்கி, அவளை மெல்ல அந்தப் பக்கம் கடத்தி, மறுபடி தூக்கினோம். வலி எடுத்தபோதெல்லாம் என் துண்டைக் கடித்துக்கொண்டாள். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சித்தி: அத்தனை மரத்தையும் எண்ணினேன் மாமா. பதினேழு.

டிராக்டர் தம்பி: தெரியாமல் கேட்டுவிட்டேன் பெரியப்பா. டிராக்டரும் மரம் அறுக்கும் இயந்திரமும் தயாராக இருக்கும். டீசல் என் பொறுப்பு.

செவிலியர் அக்கா: நன்றி தம்பி. ஆனாலும் கட்டில் தூக்கும் நிலையே வரக்கூடாது. தேதி நெருங்கியவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்ந்துவிட வேண்டும். தாய்சேய் அட்டையை இப்போதே துணிப்பையில் எடுத்து வையுங்கள்.

எதிர்வீட்டு அத்தை: என் மருமகளுக்குக் கார்த்திகை பத்து. வலி வராமல் போய்ப் படுக்க மாட்டேன் என்கிறாள்.

செவிலியர் அக்கா: மாலையில் நானே வருகிறேன் அத்தை.

பெரியம்மா: கஜாவின்போது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. உன் பெரியப்பாவின் இன்சுலினை எங்கே வைப்பேன்?

செவிலியர் அக்கா: ஈர மணலில் மண்பானையைப் பதித்து, தண்ணீர் படாமல் மருந்தை ஒரு டப்பாவில் மூடி அதற்குள் வையுங்கள் பெரியம்மா. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண்.

எதிர்வீட்டு அத்தை: கொசு மருந்து அடிக்க எப்போது வருவார்கள்?

செவிலியர் அக்கா: புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும், புழு சாகாது. நேற்று ஒரு வீட்டில் டெங்கு கொசுப்புழுவைத் தேடினேன். தொட்டி சுத்தம், குடம் சுத்தம். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டை உருவினேன். இரண்டு விரல் தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதே அறையில்தான் கைக்குழந்தை தூங்குகிறது. இன்றே எல்லோரும் அந்தத் தட்டைப் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெரியப்பா: வயலில் நிற்பவர்களுக்கும் ஒன்று சொல் அம்மா.

செவிலியர் அக்கா: காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக ஏறும். காய்ச்சல் வந்தால் வயல் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மழை நாளில் தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. விடியலில் வயிற்றுவலி வந்து, இமை சொருகினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வாருங்கள்.

மாலை 6.40

எதிர்வீட்டு மருமகள்: அக்கா, எல்லாவற்றையும் படித்தேன். பதினேழு மரம் என்றதைப் படித்த பிறகு வேறு யோசனை ஓடவில்லை. எச்சரிக்கை வந்தால் போய்விடுகிறேன். அத்தையை என்னோடு இருக்க விடுவார்களா?

செவிலியர் அக்கா: பிரசவ அறையிலும் ஒரு பெண் துணை இருக்கலாம் கண்ணு. நான் சொல்லி வைக்கிறேன்.

எதிர்வீட்டு அத்தை: துணிப்பையை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.