பாட்டில்லாத இசை எங்களிடம் வந்து சேர்ந்த கதை

மண்டூரிலிருந்து:

இளையராஜாவின் பாட்டுகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் கேட்க விரும்புவது பின்னணி இசையைப் பற்றி. அதை நீங்கள் முதன்முதலாகக் கவனித்தது எங்கே, எப்படி? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990 போர்ப் பிரச்சினைக்கு முந்தின காலம். மட்டக்களப்பில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. கலியாண வீடு முடிந்த இரவில் வீடியோப் படம் போடுவார்கள். டெக், ரீவி, ஜெனரேற்றர் மூன்றும் களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும். குருமண்வெளித் துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றி, இக்கரையில் இறக்கி, மாட்டு வண்டிலில் கொண்டுவருவார்கள். விடியும்வரை மூன்று படம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாவதாகப் போட்டது மணிரத்னத்தின் 'மௌன ராகம்', 1986இல் வந்தது. நித்திரை தாங்காமல் பாயில் மறுபக்கம் கிறுகிப் படுத்துவிட்டேன். படம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். சண்டைப் படமென்றால் சத்தத்தை வைத்தே கதையைப் பிடித்துவிடலாம். இதிலோ புருசனும் பெண்சாதியும் ஒரே வீட்டுக்குள் பேசாமல் இருக்கிறார்கள். பேச்சு நிற்கிற இடத்தில் இசை வரும். விவாகரத்து என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் மனதுக்குள் ஏதோ நோகிறது என்பது கண்ணை மூடிக் கிடந்த எனக்கும் விளங்கியது.

திடீரென்று ஜெனரேற்றர் நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது. மாமா ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு, புனல் வைத்து ஊற்றினார். அந்த இருட்டில் பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் மகள் எதையோ முணுமுணுத்தார். படம் அறுந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே இசை.

"அக்கா, இது என்ன பாட்டு?"

"பாட்டில்லடா மனே, சும்மா இடையில வாறது."

அந்த 'இடையில் வாறதை' நான் வருசக்கணக்காகத் தேடினேன். கல்முனையில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஒரு ரெக்கோடிங் பாரில் வெற்றுக் கசெற்றைக் கொடுத்து, வாயால் பாடியும் காட்டினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டுத்தான் தம்பி வரும், இதெல்லாம் வராது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னணி இசையைத் தனியாக எடுத்து விற்கிற வழக்கம் அப்போது இல்லை. கடைசியில் ரீவிக்கு முன்னால் ரேப் ரெக்கோடரை வைத்து நானே பதிந்தேன். நடுவில் நாய் குரைக்கும், அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். அந்தக் கசெற் இன்றும் என்னிடம் இருக்கிறது.

காரைதீவிலிருந்து:

தம்பி, உங்கள் அக்கா சொன்ன 'சும்மா இடையில் வாறது' என்ற சொல்லுக்காகவே எழுதுகிறேன். நான் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவள்.

இளையராஜா பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகப் பாடித் திரிந்தவர். சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976இல் 'அன்னக்கிளி'யோடு வெளியே வந்தார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வியப்பு அவருடைய வேலைமுறைதான். காட்சியைப் பார்ப்பார், பார்த்த கையோடு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேற்கத்திய இசைக்குறியீட்டில் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். கமல்ஹாசனின் 'ஹே ராம்' படம் இன்னும் கடினமான வேலை. முதலில் வேறொருவர் போட்ட மெட்டுகளுக்குப் பாட்டுக் காட்சிகளை எடுத்து முடித்துவிட்டார்கள். இவர் நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி புதிய மெட்டுகளை அமைத்தார்.

நான் அவரைச் 'சந்தித்தது' என் வகுப்பில். 1986இல் அவர் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பு, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கிய படைப்பு. அதில் ஒரு சிறு பகுதியைக் காதால் கேட்டு எழுதி, ஆறு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டாம் வயலின் வாசித்த பிள்ளை மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "எனக்கு மட்டும் பாட்டே வரல்ல ரீச்சர், நான் வேற எங்கயோ போறன்." தனியே வாசித்தால் அப்படித்தான் கேட்கும். நான்காம் நாள் ஆறு பேரையும் சேர்த்து வாசிக்க வைத்தேன். பாதியிலேயே அவள் வில்லை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். அவளுடைய வரி இல்லாமல் மேலே போகிற மெட்டு மெலிந்துபோனது அவளுக்கே கேட்டிருக்கிறது. அப்புறம் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்றோடொன்று மோதாமல், ஒன்றுக்கொன்று அடிமையாகாமல் இரண்டு மெட்டுகள் கூடவே நடப்பதுதான் அவருடைய எழுத்து. படத்திலும் அதையே செய்கிறார் என்று நினைக்கிறேன். நடிகர் ஒன்று சொல்ல, இசை பக்கத்தில் தன்பாட்டுக்கு இன்னொன்று சொல்லும்.

கன்னன்குடாவிலிருந்து:

எங்கள் அப்பப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். படம் பார்க்கிற பழக்கமே இல்லாதவர். 'தாரை தப்பட்டை' இளையராஜாவின் ஆயிரமாவது படம், பின்னணி இசைக்குத் தேசிய விருதும் வாங்கியது. அதை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் கிடந்தவர் எழும்பி வந்து, திரையைப் பார்க்காமல் காதை மட்டும் கிட்டக் கொடுத்தார். விரல் தொடையில் தாளம் போட்டது.

"தோலைக் காய்ச்சி அடிக்கிற சத்தம் மனே. மறுகா ஒருக்காப் போடு."

மூன்று தரம் போட்டேன். மூன்றாம் தரம் உள்ளே போய் மத்தளத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

மண்டூரிலிருந்து:

ரீச்சர், காரைதீவுக்கு அடுத்த சனிக்கிழமை வரலாமா? கசெற்றைக் கொண்டுவருகிறேன். நாய் குரைக்கிற இடத்தில் கொஞ்சம் இசை மறைந்து போகிறது. இன்று ஃபோனில் தேடினால் நல்ல பதிவு கிடைக்கும் என்பது தெரியும். ஆனால் இதை வைத்தே, அந்த இடத்தையும் நிரப்பி, உங்கள் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி எழுதித் தந்தால் அக்காவுக்குக் கேட்கக் கொடுப்பேன்.